சந்திரகிரியா, கண்டிகோட்டாவா? ஆற்றுப் பள்ளத்தாக்கை நோக்கி நிற்கும் அரசர் கோட்டைகளில் எதற்குப் போவது

சித்தூர், நகரி, புத்தூர், பலமநேர், குப்பம் ஆகிய ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களிலும், எல்லைக்கு அந்தப் பக்கம் காட்பாடி, குடியாத்தம், திருத்தணியில் இருக்கும் அவர்களுடைய உறவினர் வீடுகளிலும் விடுமுறை நெருங்கும்போது ஒரே கேள்வி எழுகிறது. போகும் இடம் ஓர் அரசர் ஆண்ட இடமாக இருக்க வேண்டும். அங்கே நின்று பார்த்தால் கீழே ஆறும் பள்ளத்தாக்கும் தெரிய வேண்டும். போகும் தூரமும் கைக்குள் அடங்க வேண்டும். இப்படிக் கேட்பவர்களுக்கு உடனே சொல்லப்படும் பெயர்கள் இரண்டு: சந்திரகிரி, கண்டிகோட்டா. இரண்டையும் ஒரே வகை இடங்களாக எண்ணிக்கொண்டு, படத்தில் எது அழகாகத் தெரிகிறதோ அதற்குக் கிளம்பிவிடுவதால்தான் பலர் பாதி ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள்.

இவ்விரண்டும் ஒரே வகை அல்ல. சந்திரகிரியில் அரண்மனை முழுதாக நிற்கிறது, பள்ளத்தாக்கைத் தேடிக் காண வேண்டும். கண்டிகோட்டாவில் பள்ளத்தாக்கு காலடியில் திறந்து கிடக்கிறது, அரண்மனையைத்தான் தேட வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வாங்கிக்கொண்டால் பாதி முடிவு எடுத்தாகிவிட்டது. மீதிப் பாதியை உடன் வருபவர்களும், கிளம்பும் கிழமையும், மாதமும் முடிவு செய்யும்.

## எவற்றைக் கொண்டு அளப்பது

முதல் அளவுகோல், எதைக் காணப் போகிறோம் என்பது. கட்டடக் கலையையும் அரச வரலாற்றையும் கண்முன் காண விரும்புகிறவருக்கும், மலை விளிம்பில் நின்று ஆற்றைப் பார்க்க விரும்புகிறவருக்கும் ஒரே பரிந்துரை பொருந்தாது.

இரண்டாவது, உடன் வருபவர்கள். முழங்கால் வலியுள்ள பெரியவர்கள், ஓரிடத்தில் நில்லாமல் ஓடும் ஐந்து வயதுக் குழந்தை, கல்லூரி மாணவர்கள் என்று குழு மாறும்போது விடையும் மாறும். என் மதிப்பீட்டில் இதுவே எல்லாவற்றிலும் கனமான அளவுகோல். தூரத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பாட்டியை வண்டியிலேயே உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் மட்டும் பார்த்து வருவது எந்தக் குடும்பத்துக்கும் நல்ல பயணம் ஆகாது.

மூன்றாவது நேரம். சாலையில் போகும் மணிகளை மட்டும் எண்ணாமல், அந்த இடத்தில் எந்த வேளையில் நிற்கப் போகிறோம் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். நான்காவது செலவு, அதில் நுழைவுக் கட்டணம் மிகச் சிறிய பங்கு, மறைந்திருப்பவையே பெரியவை. ஐந்தாவது பருவம். ராயலசீமையின் வெயிலைக் கணக்கில் கொள்ளாத எந்தத் திட்டமும் மார்ச்சுக்குப் பிறகு நிலைப்பதில்லை.

## சந்திரகிரி

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் நெடுஞ்சாலையில் சுமார் 60 கி.மீ. தொலைவில், திருப்பதிக்குச் சற்று முன்பே சந்திரகிரி வந்துவிடும். சித்தூர் வழியாகத் திருமலைக்குப் போகும் நம் பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் இந்த ஊரைக் கடந்தே போகின்றன, ஆனால் பெரும்பாலும் இறங்குவதில்லை. ஒரு பேரரசின் தலைநகரம் சாலையோரத்தில் இருந்தும் அதைக் காணாமல் போகிறோமே என்பது எனக்கு நீண்ட நாளைய வருத்தம்.

1565-இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்த பின் அரசு பெனுகொண்டாவுக்கு நகர்ந்தது. அங்கிருந்து 1592-இல் இரண்டாம் வேங்கடபதி ராயர் தலைநகரைச் சந்திரகிரிக்கு மாற்றினார். அதற்கு முன்பும் இக்கோட்டை சிறிய இடமாக இருந்ததில்லை. சாளுவ நரசிம்மர் அரியணையைக் கைப்பற்றுவதற்கு முன் இங்கிருந்துதான் ஆண்டார். அச்சுதராயர் 1529-இல் முடி சூடுவதற்கு முன் இங்கேதான் காவலில் வைக்கப்பட்டிருந்தார். சென்னையிலிருந்து வருபவர்களுக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. 1639-இல் சென்னைக் கடற்கரையில் கோட்டை கட்டிக்கொள்ள ஆங்கிலேயக் கம்பெனிக்கு இடம் வழங்கிய தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் இந்த அரசுக்கு உட்பட்டவர். அந்த உரிமையை 1645-இல் மூன்றாம் ஸ்ரீரங்கராயர் உறுதிப்படுத்தினார். மறு ஆண்டே, 1646-இல், கோட்டை கோல்கொண்டா வசமாயிற்று.

இன்று அங்கே காணக் கிடைப்பவற்றில் தலையானது ராஜ மகால். மூன்று அடுக்குகள், அவற்றின் மேல் கோபுரம் போன்ற முடிகள், முகப்பு முழுவதும் வரிசை வரிசையான வளைவுகள். கல், செங்கல், சுண்ணாம்புக் காரை ஆகியவற்றை மட்டும் கொண்டு, மரமே இல்லாமல் கட்டியிருக்கிறார்கள். இதை வெறும் தகவலாகப் படிப்பதைவிட உள்ளே போய் அண்ணாந்து பார்ப்பது நல்லது. நாம் பழகிய பழைய வீடுகளில் கூரையைத் தாங்கும் உத்தரம் இருக்க வேண்டிய இடத்தில் இங்கே வளைவுகள் ஒன்றோடொன்று சாய்ந்து நின்று மேல்தளத்தின் பாரத்தைத் தூண்களுக்கு இறக்குகின்றன. தூணின் ஓரத்தில் காரை உதிர்ந்த இடங்களில் கைவிரல் அகலச் செங்கல் அடுக்கு தெரியும். அதன் மேல் எத்தனை பூச்சு ஏறியிருக்கிறது என்பதையும் பார்க்கலாம். அப்படி உதிர்ந்த இடங்களில் ஆணியால் பெயர் கீறி வைத்திருப்பவர்களைத் தயவுசெய்து பிள்ளைகள் பின்பற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சுவருக்கு இன்னொரு சுவர் மாற்று ஆகாது.

ராஜ மகாலுக்குள்ளேயே இந்தியத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. கற்சிலைகள், செப்புத் திருமேனிகள், ஆயுதங்கள், காசுகள், கோட்டையின் மாதிரி வடிவங்கள் எல்லாம் உள்ளன. இங்கே வைக்கப்பட்டுள்ள சிற்பங்களில் ஒரு பகுதி குடிமல்லத்திலிருந்தும் யாகண்டியிலிருந்தும் கண்டிகோட்டாவிலிருந்தும் கொண்டுவரப்பட்டவை. அதாவது, கண்டிகோட்டாவின் வெற்றுக் கோயில்களில் இல்லாத சில சிலைகள் சந்திரகிரியில் நிற்கின்றன. இரண்டு இடங்களுக்கும் போக எண்ணுகிறவர்கள் எதை முதலில் வைப்பது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியவில்லை.

பக்கத்தில் ராணி மகால், இரண்டு அடுக்கு. பெயர் அப்படி இருந்தாலும் அங்கே கிடைத்த கல்வெட்டு அதைப் படைத்தலைவரின் இருப்பிடமாகவே காட்டுகிறது. கோட்டைக்குள் இடிந்த கோயில்களும் குளமும் புல்வெளியும் உண்டு. பிற்பகலில் மர நிழலில் அமர்ந்து கட்டுச்சோறு உண்ண இடம் இருக்கிறது.

பள்ளத்தாக்கு என்று பார்த்தால், இது சுவர்ணமுகி ஆற்றின் நிலம். கோட்டைக்குப் பின்னால் எழும் பாறைக் குன்று சுமார் 180 மீட்டர் உயரம். சேஷாசல மலைத் தொடருக்கும் இந்தக் குன்றுகளுக்கும் இடைப்பட்ட தாழ்நிலத்தில்தான் பழைய சாலையும் ஆறும் சேர்ந்து செல்கின்றன. அந்த வழியைக் காவல் காத்தவன் திருமலைக்குப் போகும் வழியையும் காவல் காத்தான்; தலைநகரம் இங்கே வந்ததன் பொருள் குன்றையும் தாழ்நிலத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும். ஆனால் மகால்களில் இருந்து ஆறு நேரடியாகத் தெரியும் என்று எண்ணி வராதீர்கள். குன்றின் மேலுள்ள கோட்டைக்கு ஏறினால்தான் நிலத்தின் கிடக்கை புலப்படும். ஏறும் வழியை அன்று திறந்திருக்கிறார்களா என்று வாயிலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

ஆற்றைக் கிட்டத்தில் காண வேண்டுமானால் அருகிலுள்ள தொண்டவாடாவுக்குப் போகலாம். அங்கே பீமா, கல்யாணி, சுவர்ணமுகி ஆகிய மூன்று ஆறுகள் கூடும் இடத்தில் அகத்தீஸ்வரர் கோயில் இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி ஆறு மணலாகவே கிடக்கும். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் மட்டும் அது வேறு ஆறு. 2021 நவம்பரில் இந்தச் சுவர்ணமுகி கரை புரண்டு திருப்பதிச் சுற்றுவட்டாரத்தையே கலங்க வைத்தது. மழைக்காலத்தில் போகிறவர்கள் மணலில் இறங்குவதற்கு முன் கரையில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

### மறைந்திருக்கும் செலவுகள்

சந்திரகிரியின் பெரிய மறைமுகச் செலவு திருமலைதான். "தரிசனம் முடிந்து வரும் வழியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று திட்டமிடும் குடும்பம், தரிசனம் எத்தனை மணிக்கு முடியும் என்பதைத் தன் கையில் வைத்திருப்பதில்லை. வரிசையிலிருந்து வெளியே வரும்போது பிற்பகல் ஆகிவிடும், பெரியவர்கள் களைத்திருப்பார்கள், பிள்ளைகள் பசியோடு இருப்பார்கள். அருங்காட்சியகமோ மாலை 5 மணியோடு மூடிவிடும். அரை மணி நேரத்தில் மூன்று அடுக்கையும் சுற்றி வந்தால் நினைவில் எதுவும் தங்காது. திருமலைக்கு ஒரு நாள், சந்திரகிரிக்குத் தனியாக ஒரு காலை என்று பிரிப்பதே என் உறுதியான பரிந்துரை. அது முடியாதவர்கள் முதலில் சந்திரகிரியைப் பார்த்துவிட்டு, அருகிலுள்ள ஸ்ரீநிவாச மங்காபுரத்துக்குப் போய், மறுநாள் விடியலில் ஸ்ரீவாரிமெட்டுப் படிவழியாக மலை ஏறலாம். சுமார் 2,400 படிகள். சந்திரகிரியில் தங்கிய விஜயநகர அரசர்கள் திருமலைக்கு ஏறிய வழி என்று இதைச் சொல்வார்கள். அரண்மனையைப் பார்த்த மறுநாள் அந்தப் படிகளில் நடப்பது தனி அனுபவம்.

இரண்டாவது, வெள்ளிக்கிழமை. அன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. மூன்று நாள் தொடர் விடுமுறை வெள்ளியில் தொடங்கும்போது அன்றே கிளம்பும் குடும்பங்கள் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்ப நேரும்.

மூன்றாவது, மாடிப் படிகள். பழைய கட்டடங்களுக்கே உரிய குறுகலும் செங்குத்தும் இங்கும் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்த்தளச் சிற்பங்களோடு நிறுத்திக்கொள்ளலாம். அதில் அவர்களுக்குப் பெரிய இழப்பு இல்லை, ஏனெனில் கற்சிற்பங்கள் கீழேதான் இருக்கின்றன.

செலவு என்ற வகையில் சந்திரகிரி மிக எளியது. காட்பாடி, பாகாலா, திருப்பதி வழியில் ஓடும் பாசஞ்சர் ரயில் சந்திரகிரியில் நிற்கும். அங்கிருந்து ஆட்டோவில் கோட்டைக்குப் போகலாம். திருப்பதியிலிருந்து டவுன் பஸ்ஸும் உண்டு. வாடகை வண்டி எடுத்தாலும் ஒரே நாள் வாடகையோடு முடிந்துவிடும். இரவுத் தங்கல் செலவோ டிரைவர் பேட்டாவோ சேராது. தமிழும் அங்கே எல்லாரிடமும் செல்லுபடியாகும். 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை இந்தப் பகுதி வட ஆர்க்காட்டைச் சேர்ந்ததாகவே இருந்தது.

## கண்டிகோட்டா

சித்தூரிலிருந்து பீலேரு, ராயசோட்டி, கடப்பா வழியாகப் போய், ஜம்மலமடுகுவைத் தாண்டி இன்னும் சுமார் 15 கி.மீ. போனால் கண்டிகோட்டா. மொத்தம் ஏறத்தாழ 250 கி.மீ.; வழியில் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நிறுத்தினால் ஐந்து, ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். திருத்தணி, நகரி, புத்தூர்ப் பக்கத்தவர்கள் ரேணிகுண்டா, கோடூரு, ராஜம்பேட்டை வழியாகக் கடப்பாவை அடைவது வசதி.

நந்தி மலைப் பகுதியில் பிறந்து, நம் தென்பெண்ணை தெற்கே இறங்குவதுபோல் வடக்கே போய் நெல்லூரில் கடல் சேரும் வடபெண்ணையாறு, எர்ரமலைக் குன்றுகளை அறுத்துக்கொண்டு செல்லும் இடம் இது. ஆறு அறுத்த பிளவின் ஆழம் சுமார் 100 மீட்டர். இரு கரையிலும் செங்குத்தான செம்பாறை. கடப்பாப் படுகையின் மிகப் பழைய குவார்ட்சைட் பாறை அது. மணல் படிந்து இறுகி உருவானதால் படுக்கை படுக்கையாகப் பிளந்து, யாரோ அளந்து வெட்டியதைப் போன்ற சதுரக் கட்டிகளாக விளிம்பு நெடுகிலும் அடுக்கி நிற்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கட்டிக்கும் இடையில் ஒரு கை நுழையும் அளவு இடைவெளி இருக்கும்; சிலவற்றில் சிறு செடிகள் வேர்விட்டிருக்கும். மேலே வைத்த கட்டி எவ்வளவு உறுதி என்பதைக் காலை வைக்காமல் அறிய முடியாது. ஆகவே காலை வைக்காமலிருப்பதே சரி.

இந்த ஆற்றுப் பிளவே கோட்டைக்கு ஒரு பக்க அகழியாகவும் மதிலாகவும் இருந்தது. மற்றப் பக்கங்களை மட்டும் கல் மதிலால் அடைத்தார்கள். விஜயநகர அரசுக்கு உட்பட்டுப் பெம்மசானி நாயக்கர்கள் இங்கிருந்து ஆண்டார்கள். 1650-இல் கோல்கொண்டாவின் மீர் ஜும்லா கோட்டையைக் கைப்பற்றினார். பிரெஞ்சு வணிகர் தவெர்னியே 1652-இல் அவரை இங்கே வந்து சந்தித்தார். சந்திரகிரி வீழ்ந்து சில ஆண்டுகளுக்குள் இதுவும் அதே அரசின் கைக்குப் போனது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இரண்டு பயணங்களும் ஒரே வரலாற்றின் இரண்டு பகுதிகளாகத் தெரியும்.

கோட்டைக்குள் இன்றும் ஒரு சிற்றூர் வாழ்கிறது. வீடுகளுக்கு நடுவே நடந்துதான் ஆற்று விளிம்புக்குப் போக வேண்டும். உயர்ந்த கோபுரம் கொண்ட மாதவராயர் கோயில், ரங்கநாதர் கோயில், ஜாமியா மசூதி, அதன் அருகே வளைகூரை கொண்ட பெரிய தானியக் களஞ்சியம் ஆகியவை காண வேண்டியவை. முற்றுகை நீண்டாலும் கோட்டைக்குள் இருப்பவர்கள் பசியால் கதவு திறக்காமல் இருக்க எவ்வளவு தானியம் சேர்த்திருப்பார்கள் என்பதை அந்தக் களஞ்சியத்துக்குள் நின்று பார்த்தால்தான் உணர முடியும். கோயில்களின் கருவறைகள் வெறுமையாக இருக்கும். அரசர் வாழ்ந்த மாளிகை என்று சொல்லக்கூடியவை பெரும்பாலும் இடிந்த சுவர்களே. சந்திரகிரி ராஜ மகால் போன்ற ஒன்றை எதிர்பார்த்து இங்கே வருகிறவர் ஏமாறுவார்.

ஆனால் விளிம்பில் நின்று வடபெண்ணையைப் பார்க்கும்போது, இந்தக் கட்டுரையைத் தொடங்கிய கேள்வியின் இரண்டாம் பாதிக்கு இதைவிட முழுமையான விடை நம் எல்லைப் பகுதியில் எங்கும் கிடையாது என்பேன். விடிந்து ஒரு மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முந்தைய ஒரு மணி நேரமும் பார்க்க உகந்தவை. நடுப்பகலில் பாறையின் நிறமும் வெளுத்து, நிழலும் இல்லாமல், ஆழமே தட்டையாகிவிடும். ஆற்றில் நீர் எவ்வளவு நிற்கும் என்பது அருகிலுள்ள அணைகளின் இருப்பைப் பொறுத்தது. நல்ல மழைக்குப் பிந்தைய மாதங்களில், அதாவது நவம்பர் முதல் பிப்ரவரி வரை, நீரும் இருக்கும், வெயிலும் தணிந்திருக்கும்.

### மறைந்திருக்கும் செலவுகள்

முதல் செலவு ஓர் இரவு. விடியலையும் அந்தியையும் காண வேண்டியிருப்பதால் கண்டிகோட்டாவை ஒரே நாளில் போய்வரும் இடமாகக் கணக்கிடவே கூடாது. அதிகாலை 4 மணிக்குச் சித்தூரில் கிளம்பினாலும் உச்சி வெயில் ஏறத் தொடங்கும் நேரத்தில் போய்ச் சேருவீர்கள். அதே நாளில் திரும்புகிறவர், பன்னிரண்டு மணி நேரச் சாலைக்கு விலையாக மிக மோசமான வேளையின் காட்சியை வாங்குகிறார். தங்குவதற்கு ஆந்திரச் சுற்றுலாத் துறையின் ஹரிதா விடுதி உண்டு. கூடார முகாம்களும் உண்டு. வார இறுதிகளில் அறைகள் முன்கூட்டியே நிரம்பிவிடும். பதிவு உறுதியாகாமல் கிளம்பாதீர்கள். இடம் கிடைக்காவிட்டால் ஜம்மலமடுகுவிலோ கடப்பாவிலோ தங்கி, விடியலுக்கு முன் இருட்டில் வண்டி ஓட்ட வேண்டிவரும்.

வாடகை வண்டியில் போகிறவர்கள் இரண்டு நாள் வாடகை, டிரைவர் பேட்டா, டோல், அறை வாடகை எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்குச் சந்திரகிரிப் பயணத்தைப்போல் பல மடங்கு ஆகும். ரயிலில் வருகிறவர்களுக்கு ரேணிகுண்டா, குண்டக்கல் தடத்தில் முத்தனூரு, எர்ரகுண்ட்லா நிலையங்கள் கிட்டத்தில் உள்ளன. அங்கிருந்து வண்டி பேச வேண்டியிருக்கும்.

இரண்டாவது, பாதுகாப்பு. விளிம்பில் பெரும்பகுதிக்குக் கம்பித் தடுப்பு இல்லை. பாறைக் கட்டிகள் மேல் தாண்டித் தாண்டிப் போகும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனம் பதறும். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளோடு போகிறவர்கள், ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கு இல்லாவிட்டால் இந்தப் பயணத்தைச் சில ஆண்டுகள் தள்ளிவைப்பதே நல்லது. விளிம்பின் ஓரத்தில் நின்று செல்பி எடுப்பதையும், கீழே தேங்கிய நீரில் இறங்கிக் குளிப்பதையும் இளைஞர்கள் அறவே விட வேண்டும். மழை பெய்த பாறை வழுக்கும்.

மூன்றாவது, சிறு வசதிகள். குடிநீரும் உணவும் கிடைத்தாலும் நம்பிக்கொண்டு போகும் அளவுக்கு இல்லை. பெட்ரோலை ஜம்மலமடுகுவிலேயே போட்டுக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் கடப்பாப் பகுதியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அந்தப் பாறை பகல் முழுவதும் வாங்கிய சூட்டை அந்திக்குப் பிறகும் திருப்பித் தந்துகொண்டிருக்கும். கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போக இது இடமல்ல. தெலுங்கு பேசத் தெரிந்த ஒருவர் குழுவில் இருப்பதும் உதவும். நமக்கு அது தடையில்லை, வேலூரிலிருந்து வரும் உறவினர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

வழிப்பயணம் செலவாக மட்டும் போவதில்லை. ராயசோட்டிக்கும் கடப்பாவுக்கும் இடையே மலைப்பாதை ஏறும் இடத்தில் குவ்வலசெருவுப் பால்கோவாக் கடைகள் வரிசையாக இருக்கும். கடப்பாவில் கார தோசை கிடைக்கும். இன்னொரு நாள் கையில் இருந்தால் கண்டிகோட்டாவிலிருந்து சுமார் 60 கி.மீ. தொலைவில் உள்ள பேலும் குகைகளுக்குப் போகலாம், 3 கி.மீ.க்கு மேல் நீளும் சுண்ணாம்புக் குகை அது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | சந்திரகிரி | கண்டிகோட்டா |
|---|---|---|
| ஆறு | சுவர்ணமுகி. பெரும்பாலும் மணல் | வடபெண்ணை. சுமார் 100 மீட்டர் ஆழப் பிளவு |
| அரண்மனை | ராஜ மகால், ராணி மகால் முழுதாக உள்ளன | பெரும்பாலும் இடிபாடு |
| சித்தூரிலிருந்து | சுமார் 60 கி.மீ. | ஏறத்தாழ 250 கி.மீ. |
| தேவைப்படும் நேரம் | ஒரு முழுக் காலை | ஓர் இரவும் இரு பகலும் |
| தவிர்க்க வேண்டியது | வெள்ளிக்கிழமை, தரிசனம் முடிந்த மாலை | மார்ச் முதல் ஜூன் வரை, நடுப்பகல் |
| பெரியவர்களுக்கு | ஏற்றது, மாடிகள் தவிர | கடினம் |
| சிறு குழந்தைகளுக்கு | ஏற்றது | ஆபத்து உண்டு |
| விளக்கம் கிடைப்பது | அருங்காட்சியகம் | முன்பே படித்துக்கொண்டு போக வேண்டும் |

## பெனுகொண்டா பற்றி

குப்பம், பலமநேர்ப் பக்கத்தவர்கள் பெங்களூருக்கு அடிக்கடி போய்வருவதால் பெனுகொண்டாவையும் கேட்கிறார்கள். சந்திரகிரிக்கு முந்தைய தலைநகரம் அது, ககன மகால் என்ற அழகிய மாளிகை அங்கே நிற்கிறது, லேபாட்சியும் அருகில். ஆனால் ஆற்றுப் பள்ளத்தாக்கு வேண்டும் என்பவருக்கு அது விடையல்ல. பெங்களூரில் தங்கியிருக்கும்போது லேபாட்சியோடு சேர்த்து ஒரு நாளில் பார்த்துவிடலாம். அதற்கென்று சித்தூரிலிருந்து தனிப் பயணம் தேவையில்லை.

## எந்த நிலையில் எது

பெரியவர்களும் பிள்ளைகளும் கலந்த குடும்பம், கையில் ஒரே நாள்: சந்திரகிரி. இதில் தயங்க ஒன்றுமில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு வரலாற்றை நேரில் காட்ட விரும்பும் ஆசிரியர்களுக்கும் அதுவே. ஒரே கட்டடத்துக்குள் கட்டடக் கலை, சிற்பம், காசு, ஆயுதம் எல்லாம் வரிசையாகக் கிடைக்கும், பிள்ளைகளைக் கண்காணிப்பதும் எளிது.

நடக்கத் தயங்காத இளைஞர்கள், புகைப்படம் எடுப்பவர்கள், நிலத்தின் அமைப்பையும் பாறையையும் பற்றி அறிய விரும்புபவர்கள், டிசம்பர், ஜனவரியில் இரண்டு நாள் ஒதுக்க முடிந்தவர்கள்: கண்டிகோட்டா. இவர்களைச் சந்திரகிரிக்கு அனுப்பினால் மதியத்துக்குள் "அடுத்து என்ன" என்று கேட்பார்கள்.

கோடை விடுமுறையில் மட்டும்தான் நேரம் கிடைக்கும் என்பவர்கள், எவ்வளவு ஆசை இருந்தாலும், சந்திரகிரியைக் காலையிலேயே திறந்தவுடன் பார்த்து வெயில் ஏறுவதற்கு முன் முடித்துக்கொள்ளட்டும். கண்டிகோட்டாவை அரையாண்டு விடுமுறைக்கோ பொங்கலுக்கோ வைத்துக்கொள்ளலாம். புதுமணத் தம்பதியர் இருவர் மட்டும் போவதானால் பருவம் மட்டுமே கணக்கு. குளிர் மாதத்தில் கண்டிகோட்டாவில் ஓர் இரவு தங்குவது மற்ற எதைக் காட்டிலும் நன்று.

இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்க்க விரும்புகிறவர்களுக்கு மூன்று நாள் வேண்டும். வியாழன் அல்லது சனி காலை சந்திரகிரி அருங்காட்சியகத்தில் தொடங்குங்கள். கண்டிகோட்டாவிலிருந்து வந்த சிற்பங்கள் எவை என்று பலகைகளைப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிற்பகல் கிளம்பி இரவு கடப்பாவில் தங்கி, மறுநாள் நண்பகலுக்குப் பின் கண்டிகோட்டாவை அடைந்தால் அந்தியும் அடுத்த விடியலும் கிடைக்கும். திரும்பும்போது ராயசோட்டி வழியை விட்டு ராஜம்பேட்டை வழியைப் பிடித்தால், கடப்பாவிலிருந்து சுமார் 25 கி.மீ. தொலைவில் ஒண்டிமிட்டா கோதண்டராமர் கோயில் சாலையிலேயே வரும். கண்டிகோட்டாவில் மூர்த்தி இல்லாத கருவறைகளைக் கண்டு வந்தவர்களுக்கு, அதே விஜயநகரக் கால மரபில் எழுந்து இன்றும் பூசை நடக்கும் கோயிலை அங்கே காண முடியும். அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினாலும் இரவுச் சாப்பாட்டுக்குச் சித்தூர் வந்து சேர்ந்துவிடலாம்.